ஒற்றைச் சாட்சி

அக்கா தனக்குப் பிடித்த ஒருவரைக் கட்டிக்கொள்ளப் போவதாக வீட்டில் சொன்ன வாரம், தாய்மாமா திருத்தங்கலுக்கு வந்தார். கையில் வழக்கமான சாத்தூர் சேவுப் பொட்டலம் இல்லை. போன் மட்டும் இருந்தது. ஏதோ ஒரு கம்பெனிக்கு எச்சில் அனுப்பி, காசு கட்டி வாங்கிய ரிப்போர்ட்டைத் திறந்து என் முன்னால் நீட்டினார்.

“மாப்ள, நீ விலங்கியல் படிச்சவன். நீயே சொல்லு. எம்130னு போட்ருக்கான் பாரு. நாமதான் இந்த மண்ணுக்கு மொதல்ல வந்தவங்க. அந்தப் பையன் வீட்டாளுக பின்னாடி வந்தவங்க. ரத்தம் ஒட்டாதுடா.”

அன்றைக்கு நான் சொன்ன பதிலில் மாமா வாயடைத்துப் போனார். வீட்டில் எல்லாரும் என்னைப் பாராட்டினார்கள். ஆனால் அது தப்பான பதில். அது ஏன் தப்பு என்று எனக்குப் புரிய வைத்தது, மன்னார் வளைகுடாவில் கல்லுக்கு அடியில் ஒளிந்து வாழும் ஒரு புழு.

எம்130 கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பிச்சப்பன் குழு சேகரித்த மாதிரிகளில், மதுரைப் பக்கம் ஜோதிமாணிக்கம் கிராமத்து ஒருவரிடம் இந்த மரபணு அடையாளம் இருந்தது. ஸ்பென்சர் வெல்ஸின் ஆவணப்படம் வழியாக 2000-களின் தொடக்கத்தில் அது உலகம் சுற்றியது. ஆப்பிரிக்காவிலிருந்து கடலோரமாக வந்த ஓர் ஆதிப் பயணத்தின் தடம் என்பது அவர்கள் வாதம். இதே அடையாளத்தின் கிளைகள் ஆஸ்திரேலியப் பழங்குடிகளிடமும் உண்டு, மங்கோலியர்களிடமும் உண்டு. ஆய்வாளர்கள் பேசியது ஒரு பயணத்தைப் பற்றி. நம் இணையம் அதைப் பட்டா நிலமாக மாற்றிக்கொண்டது. எந்தச் சாதிக்காரர் யூடியூப் சேனல் வைத்திருந்தாலும் அந்தப் பட்டாவில் அவர் பெயர் இருக்கிறது.

இனி நான் மாமாவுக்குச் சொன்ன பதில்.

“மாமா, இது ஒய் குரோமோசோம்ல இருக்கறது. அப்பன்கிட்ட இருந்து மகனுக்குப் போறது. அக்காகிட்ட ஒய்யே கெடையாதே. உங்களுக்கும் அவளுக்கும் பொதுவா இருக்கறது அம்மாச்சியோட மைட்டோகாண்ட்ரியா. அது தாய்வழி. அக்கா யாரைக் கட்டிக்கிட்டாலும் அவ பிள்ளைகளுக்கு அம்மாச்சியோடதுதான் போகும். உங்க பையனுக்குப் போயிருக்கறது அத்தையோடது.”

அடுப்படியில் அம்மா சிரித்த சத்தம் கேட்டது. தெக்கத்திச் சீமையில் சில சமூகங்களில் ‘கிளை’ தாய்வழியாகப் போவது மாமாவுக்கும் தெரியும். அவரால் மறுக்க முடியவில்லை. போனை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

ஜெயித்துவிட்டதாகத்தான் நினைத்தேன். இரண்டு நாள் கழித்துத்தான் உறைத்தது. அவர் ஒரு சாட்சியைக் கூட்டிக்கொண்டு வந்தார். நான் ஓர் எதிர்ச்சாட்சியைக் கூட்டிக்கொண்டு வந்தேன். அக்காவின் கல்யாணம் குரோமோசோம்களின் பஞ்சாயத்தில் முடிவாக வேண்டிய விஷயம் என்பதில் மட்டும் நாங்கள் இருவரும் ஒத்துப்போயிருந்தோம். கட்டிக்கொள்ளப் போகிறவள் அக்கா. அவளை யாரும் எதுவும் கேட்கவில்லை.

இந்தக் கட்டுரை மாமாவை எதிர்த்து மட்டும் எழுதப்பட்டதில்லை. அன்றைக்கு மாமாவுக்குப் பதில் சொன்ன என்னையும், என்னைப் போலவே பதில் சொல்லிக்கொண்டிருக்கும் நம் முற்போக்கு நண்பர்களையும் எதிர்த்துத்தான்.

*

புழுவுக்கு வருகிறேன். திருத்தங்கலிலிருந்து சாத்தூர், கோவில்பட்டி, எட்டயபுரம் வழியாகத் தூத்துக்குடிக்கு மூணு மணி நேரப் பயணம். கல்லூரியில் படிக்கும்போது வற்றுநீர் நேரத்தில் கரையோரப் பாறைகளைப் பார்க்க எங்களைக் கூட்டிக்கொண்டு போனார்கள். செத்த பவளக்கல் ஒன்றைப் புரட்டினால் அடியில் ஏதோ ஒட்டியிருந்தது. மிட்டாய்த் தாள் என்று நினைத்தேன். அது நகர்ந்தது. ஓரமெல்லாம் பாவாடைக் கொசுவம் மாதிரி மடிப்பு. தாளைவிடக் கொஞ்சம்தான் தடிமன். கடலில் வாழும் தட்டைப்புழு. குடல் பல கிளைகளாகப் பிரிந்திருப்பதால் இந்த வகைக்குப் பாலிகிளாட் என்று பெயர். தொட்டால் கிழியும். ஆல்கஹாலில் போட்டால் நிறம் போய்விடும். பெயர் வைக்கிறவர்களுக்கு இதைப்போலத் தொல்லை தரும் உயிர் குறைவு.

பெயர் வைக்கும் முயற்சி நம் கடலில் புதிதில்லை. இலங்கையில் பிறந்த ராணுவ மருத்துவர் கெலார்ட், 1850-களில் திருகோணமலையில் இந்தப் புழுக்களைச் சேகரித்தார். 1860-ல் இங்கிலாந்துக்குப் போகிற வழியில் இறந்துபோனார். அவர் சேகரித்தவற்றையும் தான் கீழைக் கடல்களில் சேகரித்தவற்றையும் சேர்த்து 31 இனங்களைப் பற்றி கோலிங்வுட் 1876-ல் எழுதினார். கண்ணுக்குத் தெரிந்த நிறமும் கோடும் புள்ளியும்தான் அன்றைக்கு முக்கியமான அடையாளம். 1884-ல் ஜெர்மன் மொழியில் பெரிய நூல் எழுதிய ஆர்னால்ட் லாங், வயிற்றுப் பக்கத்தில் ஒட்டுறிஞ்சி இருப்பவை, இல்லாதவை என்று பாலிகிளாட்களை இரண்டாகப் பிரித்தார். நூறு வருஷத்துக்கு மேல் அந்தப் பிரிவுதான் நின்றது.

என் அப்பா சிவகாசியில் ஆஃப்செட் அச்சகத்தில் வேலை பார்த்தவர். பட்டாசு லேபிள், தீப்பெட்டி லேபிள் எல்லாம் அவர் கையால் வெட்டுப்பட்டுப் போனவை. ஒரு லேபிள் நன்றாக ஓடினால் அதே கிளியையோ அதே குழந்தையையோ கொஞ்சம் மாற்றி இன்னொருவர் போடுவார். அப்பா சொல்வார்: “லேபிளப் பாத்து இது இன்னார் சரக்குனு சொல்லாதடா. பிரிச்சுப் பாரு.” புழு விஷயத்தில் உலகம் செய்ததும் அதுதான். முதலில் லேபிளைப் பார்த்தார்கள். பிறகு பிரித்துப் பார்த்தார்கள்.

பிரித்தால் உள்ளே கிடைப்பவற்றில் மிக வசதியானது மைட்டோகாண்ட்ரியாவின் மரபணுத்தொகை. செல்லின் உட்கருவில் இருக்கும் பெரிய நூலகத்தோடு ஒப்பிட்டால் இது ஒரு துண்டுப் பிரசுரம். மனிதனுக்கு 16,569 எழுத்து, 37 மரபணு. ஒரு செல்லிலேயே பல பிரதிகள் இருப்பதால், கிழிந்து போகிற புழுவிலிருந்தும் எடுத்துவிடலாம். விலங்குகளில் பொதுவாகத் தாய்வழியாகப் போவதால் கலப்பில்லாத ஒரே கோடாகப் பின்னோக்கிப் போகலாம். எனவே யார் யாருக்குச் சொந்தம் என்ற விசாரணையில் இதுதான் முதலில் கூப்பிடப்படும் சாட்சி.

தாய்வழி என்றதும் மார்தட்டுகிறவர்களுக்காக ஒரு சங்கதி. இந்தப் புழுக்கள் ஒவ்வொன்றும் ஆணும்தான், பெண்ணும்தான். 1998-ல் மிக்கீல்ஸ், நியூமன் என்ற இருவர் ஆஸ்திரேலியக் கடலில் சூடோசெரோஸ் பைஃபர்கஸ் என்ற இனத்தைக் கவனித்து எழுதினார்கள். இரண்டு புழுக்கள் சந்தித்தால் வாள்சண்டை போல ஆணுறுப்பால் ஒன்றையொன்று குத்தப் பார்க்கின்றன. குத்தியது அப்பனாகிவிட்டுப் போய்விடும். குத்து வாங்கியது காயத்தையும் ஆற்றிக்கொண்டு முட்டைகளையும் சுமக்க வேண்டும். மைட்டோகாண்ட்ரியா முட்டை வழியாகப் போவது. அப்படியானால் அந்த வம்சக்கோடு முழுக்க, ஒவ்வொரு சண்டையிலும் தோற்றவரின் கோடு. வீரப் பரம்பரை பேசுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

*

சரி, அந்தச் சாட்சி என்ன சொன்னது?

முதலில் பெரிய காரியம் ஒன்றைச் செய்ய உதவியது. ஏசீல் என்று மிகச் சிறிய கடல்புழுக்கள் உண்டு. தட்டையாக இருக்கும், குடற்குழி கிடையாது. தட்டையாக இருப்பதெல்லாம் தட்டைப்புழு என்று இவற்றையும் அந்தக் குடும்பத்தில் வைத்திருந்தார்கள். 1999-ல் ரூயிஸ்-டிரியோ குழு, உட்கருவில் உள்ள ஒரு மரபணுவை வைத்து, இவை தட்டைப்புழுவே அல்ல, வெகு தொலைவில் தனியாகப் பிரிந்த கிளை என்றது. ஒரே ஒரு மரபணுதானே என்று மற்றவர்கள் சந்தேகப்பட்டார்கள். சந்தேகப்பட்டது சரி. 2004-ல் மைட்டோகாண்ட்ரியா விவரங்களும் அதே பக்கம் சாய்ந்தன. நடுவில், 2000-ல் டெல்ஃபோர்ட் குழு இன்னொரு சாட்சியைக் கொண்டுவந்தது. மைட்டோகாண்ட்ரியாவில் ஏஏஏ என்ற மூன்றெழுத்து பெரும்பாலான விலங்குகளில் லைசின் என்ற அமினோ அமிலத்தைக் குறிக்கும். பாலிகிளாட் உள்ளிட்ட பெருந்தொகுதித் தட்டைப்புழுக்களில் அதே எழுத்து அஸ்பராஜினைக் குறிக்கிறது. ஏசீல்களில் அந்த மாற்றம் இல்லை. ஒரே வார்த்தைக்கு ஊருக்கு ஊர் வேறு பொருள் இருப்பது போல. பேச்சைக் கேட்டு ஆள் எந்த ஊர் என்று கண்டுபிடித்துவிட்டார்கள்.

இதோடு நிறுத்தினால் மைட்டோகாண்ட்ரியாவுக்கு விழா எடுக்கலாம். ஆனால் அதே ஏஏஏ மாற்றம் நட்சத்திர மீன் குடும்பத்திலும் இருக்கிறது. நட்சத்திர மீனும் தட்டைப்புழுவும் நெருங்கிய சொந்தமில்லை. இரண்டு ஊரும் தனித்தனியாக அதே வழக்குக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. ஆக, முக ஜாடை பொய் சொல்லும் என்று சொல்லிக்கொடுத்த சாட்சியிடமே ஒரு முக ஜாடை இருக்கிறது.

அடுத்த கதை இன்னும் மோசம். ஜெனோடர்பெல்லா என்றொரு புழு. ஸ்வீடன் கடலில் கிடைத்து, 1949-ல் பெயர் பெற்றது. அதன் டிஎன்ஏவை எடுத்துப் பார்த்து, இது சிப்பி வகைக்குச் சொந்தம் என்று 1997-ல் நேச்சர் இதழில் வந்தது. 2003-ல் அதே இதழில் விஷயம் உடைந்தது. அந்த டிஎன்ஏ புழு தின்ற சிப்பியுடையது. மதியம் என்ன சாப்பிட்டது என்பதை வைத்து வம்சம் சொல்லிவிட்டார்கள். நம்மூரில் சாப்பாட்டை வைத்துச் சாதி கண்டுபிடிக்கிற ஆட்களை எனக்குத் தெரியும், ஆனால் அவர்கள் யாரும் திருத்தம் வெளியிட்டு நான் பார்த்ததில்லை. அந்த ஜெனோடர்பெல்லாவும் ஏசீல்களும் சேர்ந்து விலங்குகளின் மரத்தில் எந்தக் கிளை என்பதில் 2011, 2016, 2019 என்று மாறி மாறிக் கட்டுரைகள் வந்துகொண்டே இருக்கின்றன. பஞ்சாயத்து இன்னும் முடியவில்லை.

இன்னொன்றும் உண்டு. விலங்குகளின் மைட்டோகாண்ட்ரியாவில் வழக்கமாக இருக்கும் ஏடிபி8 என்ற குட்டி மரபணு தட்டைப்புழுக்களில் கிடையாது என்றே பல வருஷம் எழுதினார்கள். 2017-ல் எகர், பாக்மன், ஃப்ரோம் என்ற மூவர் திரும்பத் தேடினார்கள். தனித்து வாழும் தட்டைப்புழுக்கள் சிலவற்றில் அது இருந்தது. அடையாளம் தெரியாத அளவுக்கு மாறிப்போயிருந்ததால் யார் கண்ணிலும் படவில்லை. ‘இல்லை’ என்று எழுதியதற்கு அர்த்தம் ‘நாங்கள் தேடியபோது அகப்படவில்லை’ என்பதுதான்.

ஏன் இப்படி ஆகிறது? சிவகாசிக் கடைகளில் வெளியே தொங்கும் லேபிள்களைப் பாருங்கள். வெயில் பட்டால் சிவப்பும் மஞ்சளும் முதலில் போய்விடும், நீலம் கடைசிவரை நிற்கும். இரண்டு கோடை தாண்டினால் எல்லாக் கம்பெனி லேபிளும் ஒரே வெளிறிய நீலம். அவை எல்லாம் ஒரே அச்சகத்தில் அடித்தவை என்று ஒருவன் சொன்னால் சிரிப்போம். மைட்டோகாண்ட்ரியா வேகமாக மாறுகிற ஆவணம். சில புழுக்களில் இன்னும் வேகம். பல கோடி ஆண்டுகள் வெயிலில் கிடந்த இரண்டு ஆவணங்கள் தற்செயலாக ஒன்றுபோல் ஆகிவிடும். கணினியில் போட்டால் இரண்டும் அண்ணன் தம்பி என்று வரும்.

அதனால்தான் இன்றைக்குப் புழு ஆய்வில் மைட்டோகாண்ட்ரியாவை மட்டும் வைத்து யாரும் கடைசித் தீர்ப்பு எழுதுவதில்லை. உட்கரு மரபணுக்கள், இனப்பெருக்க உறுப்பின் வெட்டுத்தோற்றம், கரு வளரும் விதம் எல்லாவற்றையும் பக்கத்தில் வைக்கிறார்கள். லாங் போட்ட அந்தப் பழைய கோட்டைத் தாண்டி, ஒட்டுறிஞ்சி இல்லாதவற்றோடு இருந்த செஸ்டோபிளானா குடும்பத்தை 2017-ல் எதிர்ப்பக்கம் மாற்றினார்கள். அதற்கு உட்கரு மரபணு, உடலமைப்பு இரண்டையும் சேர்த்துத்தான் பார்த்தார்கள்.

யாருக்கும் எந்தச் சொத்தும் எழுதி வைக்காத ஒரு புழுவுக்கு இத்தனை சாட்சி. என் அக்காவின் வாழ்க்கைக்கு ஓர் எச்சில் ரிப்போர்ட்.

கணக்கும் போட்டுப் பார்க்கலாம். பத்துத் தலைமுறைக்கு முன்னால் ஒவ்வொருவருக்கும் 1024 முன்னோர் இடங்கள். (சொந்தத்துக்குள்ளேயே கட்டிக்கொள்ளும் நம்மூரில் ஒரே ஆள் இரண்டு மூன்று இடத்தில் உட்கார்ந்திருப்பார், அது தனிக் கதை.) ஒய் அதில் ஒருவரைப் பற்றிப் பேசும். மைட்டோகாண்ட்ரியா இன்னொருவரைப் பற்றிப் பேசும். மீதி 1022 பேர் என்ன ஆனார்கள் என்பதைப் பற்றி மாமாவின் ஒய்யும் பேசவில்லை, நான் இழுத்துவந்த அம்மாச்சியின் மைட்டோகாண்ட்ரியாவும் பேசவில்லை. ‘என் ரத்தம்’ என்று நாம் சொல்வது அந்த 1024-ல் நமக்குப் பிடித்த ஒருவரை மட்டும்.

*

ஒற்றைச் சாட்சி என்ன செய்யும் என்று தமிழனுக்குப் புழுதான் சொல்ல வேண்டும் என்பதில்லை. ஒரு பொற்கொல்லன் பேச்சை நம்பி, வெளியே பார்க்க ஒன்றுபோல் இருந்த சிலம்பை நம்பி, ஒருவனை வெட்டினார்கள். பிறகுதான் உடைத்துப் பார்த்தார்கள். அரசியின் சிலம்பில் முத்து, இவளுடையதில் மாணிக்கம். அதே காப்பியத்தில் எங்கள் ஊரும் வருகிறது. தங்கால் ஊர்ச் சிறுவன் ஒருவன் உடம்பில் இருந்த நகையைப் பார்த்து, புதையல் எடுத்தான் என்று அவன் அப்பனைச் சிறையில் வைத்தார்கள் பாண்டியனின் ஆட்கள். நகை பரிசாக வந்தது. கோயில் கதவு திறக்காமல் நின்ற பிறகுதான் விசாரித்தார்கள். தப்பு தெரிந்ததும் பாண்டியன் திருத்தங்காலையே நிவந்தமாகக் கொடுத்தான் என்பது கதை. ஒரே அடையாளத்தை வைத்துச் சொன்ன தப்பான தீர்ப்புக்கு நஷ்டஈடாகக் கொடுக்கப்பட்ட ஊர் எங்களுடையது.

அந்த முத்திலும் ஒரு புழு கிடக்கிறது. 1902-ல் முத்துக் குளிப்பை ஆராய இலங்கைக்கு வந்த ஹெர்ட்மன், மன்னார்க் கடலின் நல்முத்து நாடாப்புழுவின் குஞ்சைச் சுற்றித்தான் உருவாகிறது என்று எழுதினார். நாடாப்புழுவும் தட்டைப்புழுக் குடும்பம். 1912-ல் லிஸ்டர் ஜேம்சன் அந்த முத்துகளையே வெட்டிப் பார்த்து அதை மறுத்தார். 1973-ல் தூத்துக்குடிப் பக்கம் அழகர்சாமி குழு சிப்பிக்குள் மணியையும் சிப்பியின் மென்தோல் துண்டையும் வைத்து முத்து வளர்த்துக் காட்டியது. நாடாப்புழு தேவைப்படவில்லை. மனம் மாறுவதில் இந்தத் துறைக்கு வெட்கமே கிடையாது.

இங்கே நம் முற்போக்கு நண்பர்களிடம் ஒரு வார்த்தை. சாதிப் பெருமைக்காரர் ஒரு ஜீனைக் காட்டினால், நாம் உடனே இன்னொரு ஜீனைக் காட்டுகிறோம். “எல்லாரும் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவங்கதான், எல்லாரும் கலப்புதான், அதனால எல்லாரும் சமம்.” முதல் இரண்டும் உண்மை. அந்த ‘அதனால’ ஆபத்து. நாளைக்கே ஓர் ஆய்வு வந்து ஏதோ இரண்டு கூட்டம் நெடுங்காலம் கலக்காமல் இருந்தது என்று சொன்னால் என்ன செய்வோம்? சமத்துவத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவோமா? சில வருஷத்துக்கு ஒரு தடவை புழுவின் வீட்டு முகவரியே மாறுகிற துறை இது. மாறுவதுதான் அதன் நேர்மை. அந்த ஆணியில் போய் நம் உரிமையைத் தொங்கவிடலாமா?

வம்சம் சொல்ல ஒரு சாட்சி போதாது. உரிமை சொல்ல எந்தச் சாட்சியும் தேவையில்லை. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதுதான் என் சண்டைக்குக் காரணம்.

“பட்டாசு ஆலையில ஆள் சாகற ஊர்ல உக்காந்துக்கிட்டு புழுவப் பத்தி எழுதறியா?” என்று ஒரு நண்பன் கேட்டான். நியாயமான கேள்வி. அவனுக்கு என் பதில்: விபத்து நடந்த மறுநாள் செய்தியைப் படித்துப் பார். ‘மருந்துக் கலவையில் உராய்வு’ என்று ஒரே வரியில் முடிந்திருக்கும். உராய்வு பொய்யில்லை. ஆனால் ஓர் அறையில் எத்தனை பேரை உட்கார வைத்தார்கள், உள்குத்தகை யாருக்கு, எவ்வளவு மருந்து குவித்து வைத்திருந்தார்கள் என்ற மற்ற சாட்சிகளை அந்த ஒரு வரி வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிடுகிறது. செத்தவரின் கைதான் குற்றவாளி என்று ஊரும் நம்பிவிடுகிறது. புழுவிடம் காட்டும் பொறுமையில் பாதியை மனுசனிடம் காட்டு என்றுதான் நானும் சொல்கிறேன்.

அடுத்த முறை உங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் யாராவது ஜீன் ரிப்போர்ட் போட்டால், பதிலுக்கு இன்னொரு ரிப்போர்ட் தேடாதீர்கள். இது 1024-ல் யாரைப் பற்றிப் பேசுகிறது என்று கேளுங்கள். வேறு சாட்சி என்ன இருக்கிறது என்று கேளுங்கள். கடைசியாக, இது உண்மையாகவே இருந்தாலும் அவள் யாரைக் கட்டிக்கொள்வது என்பதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேளுங்கள். நான் மூன்றாவது கேள்வியிலிருந்து ஆரம்பித்திருக்க வேண்டும்.

அக்கா கல்யாணம் பதிவு அலுவலகத்தில் நடந்தது. மாமா வரவில்லை. போன மாதம் அவள் மகளுக்குக் காது குத்தினோம். எந்தக் குலதெய்வம் கோயிலில் என்று புதுச் சண்டை வரக்கூடாது என்று வீட்டிலேயே வைத்துக்கொண்டோம். தாய்மாமன் மடி என் மடி. ஆசாரி ஊசியை எடுத்ததும் பிள்ளை வீறிட்டது. அந்த நேரத்தில்தான் மாமா வாசலில் செருப்பைக் கழற்றினார். கையில் சேவுப் பொட்டலம். உள்ளே வந்து பிள்ளை முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

“யாரு ஜாடைடா மாப்ள?”

“இன்னும் தெரியல மாமா,” என்றேன். “பாக்கணும்.”